அச்சுப் பிழை

ரெசெக்னெ நகரப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில்
பதினோரு மேசைகள். விடைத்தாள் திருத்துகிறோம்.
ஜூன் கடைசி. லாட்வியாவில் இது இருட்டாத காலம்,
இரவு பத்து மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது.
நாளை மறுநாள் கோடைத் திருவிழா.
வெல்காவின் பையில் சீரகம் போட்ட பாலாடைக்கட்டி.
அரங்கு முழுக்க அந்த வாசனை.
யாரும் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.

பதினான்காம் கேள்வி:
எண் ஒன்றுகூட இல்லாத படம்.
ஒரு வளைவு, இரண்டு அச்சுகள், அவ்வளவுதான்.
மூன்று கெழுக்களின் குறிகளைச் சொல்.

கவிழ்ந்த வளைவு, ஆகவே a குறை.
குறை என்றால் குற்றமில்லை,
மழையில் குடையும் கவிழ்ந்துதான் நிற்கிறது.
நிலைக்குத்து அச்சை வளைவு வெட்டும் உயரம் c.
தரைக்கு மேலே. மிகை.
இதுவரை எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள்.
b தான் ஆளைத் தின்னும்.
படத்தில் இன்ன இடம் என்று விரல் வைக்க முடியாது.
உச்சி எந்தப் பக்கம் என்று பார்த்து
a-யோடு சேர்த்து விசாரித்தால்தான் வாய் திறக்கும்.
உச்சி வலப்பக்கமா, a-க்கும் b-க்கும் ஆகாது, எதிரெதிர்க் குறி.
இடப்பக்கமா, இருவரும் ஒரே கட்சி.
விடைக்குறிப்பில் தெளிவாக இருக்கிறது:
உச்சி வலப்பக்கம். b மிகை.

நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் ஓடின.
அடுத்தது 0417.
எங்களுக்குப் பெயர் வராது, எண்தான் வரும்.
பென்சிலை அழுத்தி எழுதும் கை:

“வளைவின் மேல் இடப்பக்கமிருந்து நடந்து வந்தேன்.
அச்சைக் கடக்கும்போது ஏறிக்கொண்டிருந்தால் b மிகை,
இறங்கிக்கொண்டிருந்தால் குறை.
நான் ஏறவுமில்லை இறங்கவுமில்லை.
b பூச்சியம்.
என் அளவுகோல் மரம், முனை தேய்ந்தது.
சத்தியம் செய்ய மாட்டேன்.”

சிவப்புப் பேனா கோடு போடப் போய் நின்றது.
ஜன்னலருகே கொண்டுபோய்த் தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
உச்சி, அச்சின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது.

வெல்கா எஃகு அளவுகோல் வைத்தாள்.
வளைவு கறுப்பு மை, அச்சுகள் நீலம்,
இரண்டு தகடு, இரண்டு ஓட்டம்.
இரண்டாம் கட்டில் நீலத் தகடு
ஒன்றரை மில்லிமீட்டர் வலப்பக்கம் நழுவியிருக்கிறது.
அச்சில் அச்சு நழுவிவிட்டது.
வளைவு அசையவேயில்லை.
a அப்படியே.
c ஒரு மயிரிழை உயர்ந்திருக்கும், குறி மாறாது.
b மட்டும் காணோம்.

தலைநகருக்குப் போன் செய்தேன்.
தல்ரிட்ஸ் எடுத்தான். பின்னால் அக்கார்டியன் சத்தம்.
“குறிப்பு குறிப்புதான்” என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
“அந்தக் கட்டில் மொத்தம் எத்தனை?” என்றான்.

முப்பத்தெட்டு.
மற்ற முப்பத்தேழு பேரும்
அதே தொப்பியைப் பார்த்து
b மிகை என்று எழுதியிருக்கிறார்கள்.
பூச்சியத்தை யார் தேர்வில் கேட்பார்கள்?
நானும் பார்க்காமலே முப்பத்தேழு சரி போட்டிருக்கிறேன்.
அவர்கள் படத்தைப் படிக்கவில்லை,
என்னைப் படித்திருக்கிறார்கள்.

சரிகளை அடிக்க மனம் வரவில்லை.
0417-க்கு முழு மதிப்பெண்.
ஓரத்தில் என் சுருக்கொப்பம்.
அறிக்கையில் ஒரு வரி எழுதி, அடித்து,
அதே வரியைத் திரும்ப எழுதினேன்.

அடித்த தாளைக் கசக்கி
அரங்கின் வளையத்தை நோக்கி எறிந்தேன்.
என் கையில் அச்சை நட்டால்
அது ஏறிக்கொண்டிருந்தது, b மிகை.
வளையத்தில் நட்டால்
இறங்கிக்கொண்டிருந்தது, b குறை.
இரும்பில் பட்டுத் தெறித்து
வெல்காவின் மேசைக்கடியில் போய் நின்றது.

அவள் குனிந்து எடுக்கவில்லை.
பையைத் திறந்து
கத்தி இருக்கிறதா என்று கேட்டாள்.